இரண்டு ஏலங்கள்

ஏலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் இரண்டு. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர நிழலில் விளைந்து பாயசத்துக்கும் மருந்துக்கும் மணமூட்டும் ஏலக்காய். மற்றொன்று, பலர் கூடிய இடத்தில் ஒரு பொருளை மிகுந்த விலை கேட்பவருக்கு விற்கும் முறை. முன்னது நம் நாட்டின் பழஞ்சொல். பின்னது போர்த்துக்கீசியர் நம் கடற்கரைக்குக் கொணர்ந்த சொல்லொன்றின் திரிபு என்று அகராதியாசிரியர் கூறுவர். பிறப்பில் ஒன்றுக்கொன்று உறவில்லாத இவ்விரண்டு ஏலங்களும் கூடி வாழும் ஊர், தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர்.

நம் கல்லூரி விடுதியில் புதுக்கருவிகளைப் பற்றிய பேச்சு ஓயாது நடப்பதை நாம் அறிவோம். எந்தக் கைப்பேசி சிறந்தது, எந்த மென்பொருள் விரைந்து வேலை செய்வது, எதன் விலை எவ்வளவு இறங்கியது என்று மாணவ நண்பர்கள் உண்ணும்போதும் உலாவும்போதும் ஆராய்ந்துகொண்டே இருக்கின்றனர். இதனைக் குறைகூற நாம் வரவில்லை. நமக்கும் அவ்வார்வம் உண்டு. ஆயினும், ஒரு கருவி நல்லதா அல்லதா என்பதைக் கடையிற் பார்த்து அறிதல் அரிது. அது ஓர் ஊரிற் புகுந்து பல ஆண்டு உழைத்தபின், யாருக்கு என்ன செய்தது என்று பார்த்தே அறியவேண்டும். அவ்வாறு பார்க்கத்தக்க இடங்களாகப் போடியும் அதன்மேலுள்ள போடிமெட்டும் நமக்குத் தோன்றியமையால், சென்ற விடுமுறையில் மூன்று நாள் அங்கே தங்கினோம். கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே எழுதலுற்றோம்.

மதுரையிலிருந்து ரயிலேறிப் போடி சேர்ந்தோம். 1928-ஆம் ஆண்டில் போடிக்கு வந்த இருப்புப்பாதை, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் போடப்பெற்றது. அகலப்பாதையாக மாற்றும்பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பெற்று, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் திறக்கப்பட்டது.

இம்மலைகளுக்குப் புதுக்கருவி புதிதன்று. மூணாற்றுத் தேயிலையைக் கீழே இறக்கும்பொருட்டு 1902-ஆம் ஆண்டிலேயே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் வண்டி ஓடிற்று. 1908-ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகச் சிறு ரயில் வந்தது. அது டாப் ஸ்டேஷன் என்னும் உச்சி வரையில் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்க்க, அங்கிருந்து அவை கம்பிவடத்தில் தொங்கியவாறே மலைச்சரிவைக் கடந்து கொட்டகுடியில் இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அச்சிறு ரயிலை அடித்துச் சென்றது. அதன்பின் எவரும் அதனைப் போடவில்லை. இக்கருவிகள் எல்லாம் சரக்கைக் கீழே இறக்குவதற்கு ஏற்பட்டவை. கீழே அச்சரக்கு என்ன விலைக்குப் போகிறதென்னும் செய்தியை, மேலேயிருக்கும் சிறு விவசாயிக்கு ஏற்றிக் கொடுக்கும் கருவி நெடுங்காலம் வரவில்லை.

போடியிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால், ஏறக்குறைய 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களிற் பல, போடி, தேவாரம், கம்பம் முதலிய ஊர்க்காரர்களுக்குச் சொந்தமானவை. அவற்றிற் காயெடுக்கும் பெண்களும் பெரும்பாலும் இவ்வூர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிச் சென்று மாலையில் இறங்குபவரே.

நம் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார் அங்கே சிறு தோட்டம் வைத்திருக்கிறார். அவர் தம் ஸ்டோரை நமக்குக் காட்டினார். காய் உலர்த்தும் கட்டடத்தை இப்பக்கத்தார் ஸ்டோர் என்பர். செடியின் அடியில் தரையோடு படரும் சரங்களில் முற்றிய காயை மட்டும் தேர்ந்து, ஒரு மாதத்துக்கோ ஒன்றரை மாதத்துக்கோ ஒரு சுற்றாக எடுக்கின்றனர். பச்சைக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். அதனை ஏறக்குறைய 50 பாகை வெப்பத்தில் ஒரு பகலும் இரவும் உலர்த்திப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீர் நிற்கும்படி செய்யவேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் என்பது பொதுக்கணக்கு. வெப்பம் மிகுந்தால் பசுநிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போய்விடும். முன்பு விறகடுப்பின் முன் ஓராள் இரவெல்லாம் விழித்திருந்து கையால் வெப்பத்தை உணர்ந்து நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் வந்தார். இப்போது வெப்பமானியோடு கூடிய உலர்த்தும் யந்திரம் குறித்த அளவில் தானே நிற்கிறது. அவ்வாளுக்கு உறக்கமும் கிடைத்தது. காய்க்கு நிறமும் நின்றது. இது சிறிய கருவியே எனினும் நன்மை செய்த கருவி என்று குறித்துக்கொண்டோம்.

இனி, விற்பனைக்கு வருவோம். இந்திய அரசாங்கத்தைச் சேர்ந்த நறுமணப்பொருள் வாரியம் 1987-ஆம் ஆண்டில் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. அவ்வாரியத்தின் உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் விவசாயிகளின் காயைப் பெற்று, உரிமம் பெற்ற வியாபாரிகளுக்கு ஏலத்தில் விற்கின்றன. முன்பு இது வாய்மொழி ஏலமாக நடந்தது. வியாபாரிகள் அமர்ந்திருக்க, ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் அவர்கள் கைக்கு வரும். ஏலம் விடுபவர் விலையைக் கூவ, ஒருவர் தலையசைப்பார். ஒருவர் விரல் காட்டுவார். ஒருவர் குரல் கொடுப்பார். இம்முறையில் மூன்று குறைகள் இருந்தன. இரைச்சலில் ஒரு குரல் கேளாமற் போகலாம். கேட்பவர் யார் என்பது எல்லார்க்கும் தெரியுமாதலால், நண்பருக்காக ஒருவர் ஒதுங்கலாம். பகைக்காக ஒருவர் ஏற்றலாம். எல்லாவற்றினும் பெரிய குறை, அவ்விடத்தில் என்ன நடந்ததென்று மலைமேலிருக்கும் காய்க்குரியவர் அறிய, வழியில் வருபவரின் வாயையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

2007-ஆம் ஆண்டில் வாரியம் மின்னேலத்தைப் போடியிலும் இடுக்கிப் பகுதியிலும் கொண்டுவந்தது. ஏலக்கூடத்தில் வியாபாரி ஒவ்வொருவர் முன்பும் ஒரு கணினி இருக்கிறது. லாட்டின் எண், மூட்டைகளின் தொகை, மொத்த எடை ஆகியவை திரையில் தோன்றுகின்றன. வியாபாரி தம் முன்னுள்ள மாதிரியைப் பார்த்துவிட்டு விசையை அழுத்த விலை ஏறுகிறது. வேறொருவர் அழுத்த இன்னும் ஏறுகிறது. குறித்த நேரத்துக்குள் எவரும் அழுத்தாவிடின் அவ்விலையே முடிவு. அடுத்த லாட் திரைக்கு வந்துவிடுகிறது. யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்பது எழுத்திற் பதிந்துவிடுகின்றமையால் பின்னர் வழக்குக்கு இடமில்லை. 2021-ஆம் ஆண்டில் மற்றுமொரு படி ஏறினர். போடிக் கூடத்தையும் இடுக்கியின் புற்றடிக் கூடத்தையும் ஒரே மென்பொருளால் இணைத்து, இரண்டிடத்து வியாபாரிகளும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலைகேட்க வழிசெய்தனர். கேட்பவர் பெருகினால் விற்பவருக்கு நன்மை என்பது எவர்க்கும் விளங்கும்.

இவ்வளவு யந்திரம் வந்தும், மாதிரிக்காயைக் கையில் எடுத்துப் பார்ப்பது நிற்கவில்லை என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். வியாபாரி காயின் பருமனையும் பசுமையையும் கண்ணால் அளக்கிறார், ஒன்றை உடைத்து விதையின் கருமையைப் பார்க்கிறார், முகர்கிறார். பருமனால் ஏழு மில்லிமீட்டர்க் காய்க்கும் எட்டு மில்லிமீட்டர்க் காய்க்கும் விலையில் வித்தியாசம் உண்டு. திரை விலையைச் சொல்லும். பொருளைச் சொல்வது கையும் கண்ணும் மூக்குமே.

இதன் காரணத்தை விளக்கிய அறிஞர் இருவர் உளர். பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்கப் பொருளாதார ஆசிரியர்கள் ஏலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2020-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அவர்கள் கருத்தைப் போடிக் கூடத்தில் வைத்துச் சொல்வோம். ஒரு லாட் எவ்வளவு பெறும் என்பதை வியாபாரிகள் தத்தமக்குத் தோன்றியவாறு மதிக்கின்றனர். சிலர் மதிப்பு உண்மைக்குக் குறையும். சிலர் மதிப்பு மிகும். ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் மிகுத்து மதித்தவரே. வென்றபின் நட்டப்படுபவரும் அவரே. இவ்வச்சம் அறிந்த வியாபாரி முன்னெச்சரிக்கையாகக் குறைத்தே கேட்பார். அதனால் விவசாயிக்கு நட்டம். ஆனால் பொருளைப் பற்றிய உண்மை எல்லார்க்கும் தெரியவும், பிறர் கேட்கும் விலை கண்ணுக்குத் தோன்றவும் செய்தால், அச்சம் குறைந்து விலை ஏறும். பொருளைப் பற்றிய செய்தியை ஒளிப்பதைவிட வெளியிடுவதே பொதுவாக விற்பவருக்கு லாபம் என்பது அவர்கள் கண்ட முடிவு. மாதிரித்தட்டும் திரையும் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

இக்கூடத்துக்குள் நடப்பவற்றைவிட, கூடத்துக்கு வெளியே நடந்த மாற்றமே நமக்குப் பெரிதாகத் தோன்றிற்று. ஒவ்வொரு நாள் ஏலம் முடிந்தபின்னும், வந்த லாட்டுகள் எத்தனை, வந்த எடை எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்சவிலை என்ன, சராசரி விலை என்ன என்று வாரியம் வெளியிடுகிறது. அது கைப்பேசி வழியாக மலையெங்கும் பரவிவிடுகிறது. ஸ்டோரில் நம்மோடு அமர்ந்திருந்த பெரியவர் மாலையில் தம் கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்து அன்றைய விலையைப் படிக்கச் சொன்னார். அக்கம்பக்கத்து விவசாயிகள் நால்வர் அதைக் கேட்கவே வந்திருந்தனர். “முன்பெல்லாம் காய் கீழே இறங்கினால்தான் சார் விலை மேலே ஏறி வரும். இப்போது காய் இறங்குமுன்னே விலை ஏறி வந்துவிடுகிறது” என்றார் அவர்.

இதற்கு ஒத்த செய்தி ஒன்று கேரளக் கடற்கரையில் நடந்ததுண்டு. 1997-ஆம் ஆண்டு முதல் 2001-ஆம் ஆண்டு வரையில் வட கேரளத்தில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, மத்தி மீன் பிடிப்பவர் கடலில் இருந்தவாறே எக்கரையில் விலை உண்டு என்று கேட்டறியலாயினர். அதற்குமுன் ஒரு கரையில் வாங்குவாரின்றி மீனைக் கடலிற் கொட்ட, சில மைல் அப்பாலுள்ள கரையில் வாங்க வந்தவர் மீனின்றித் திரும்புவது வழக்கமாயிருந்தது. ராபர்ட் ஜென்சன் என்பவர் இதனை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கைப்பேசி வந்தபின் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடிற்று. அதே சமயத்தில் வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே நன்மையடைந்தது வியப்பன்றோ? வீணானது மிச்சமாயிற்று, அம்மிச்சத்தையே இருவரும் பங்கிட்டுக்கொண்டனர்.

ஆனால் செய்தி வந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கவும் தெரியவேண்டும். பெரியவரின் ஸ்டோருக்கு வந்தவர்களுள் ஒருவர் உச்சவிலையை மட்டும் கேட்டுக்கொண்டு, ‘அவ்விலை கிடைக்கும்வரை காயை இறக்கமாட்டேன்’ என்று இருப்பவர். அவருக்குப் பேரன் சொன்ன விளக்கத்தை நாமும் இங்கே சொல்லுவோம். எண்கள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. ஒரு நாளில் 50 கிலோ லாட் ஒன்று கிலோ 3,000 ரூபாய்க்கும், 200 கிலோ லாட் ஒன்று 2,000 ரூபாய்க்கும், 250 கிலோ லாட் ஒன்று 1,800 ரூபாய்க்கும் போயின என்க. உச்சவிலை 3,000. ஆனால் 500 கிலோவுக்கும் வந்த மொத்தப் பணம் பத்து லட்சம். ஆகவே சராசரி 2,000. உச்சவிலை பெற்றது பத்தில் ஒரு பங்குக் காயே. தம் காய் எந்த ரகம் என்று அறிந்தவருக்கே அவ்விலைப்பட்டியல் பயன்படும். அறியாதவரை அதுவே ஏமாற்றும். கல்லூரியிற் கணக்குப் படித்த பிள்ளை ஒருவன் வீட்டிலிருப்பது அம்மலையில் ஒரு கருவிக்கு நிகரென்று அன்று உணர்ந்தோம்.

கருவியின் எல்லையையும் கூறுதல் வேண்டும். விலை ஏறியிறங்குவதை மின்னேலம் தடுத்துவிடவில்லை. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தாலும் அடுத்த கோடையின் வறட்சியாலும் விளைச்சல் குன்ற, 2019-ஆம் ஆண்டில் கிலோ 7,000 ரூபாய் வரையில் ஏறிய விலை, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஆயிரத்தைச் சுற்றி நின்றது. உச்சத்தைக் கண்டு கடன் வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் பட்ட துயரத்தைக் கேட்டறிந்தோம். நம் காய்க்குப் போட்டியாகக் கடலுக்கப்பால் குவாத்தமாலா நாட்டிலும் ஏலக்காய் பெருக விளைகிறது. அங்கே மழை நன்றாகப் பெய்தால் இங்கே போடியில் விலை அசையும். ஏலத்தில் வாங்கப்பட்ட காயே மறுபடியும் ஏலத்துக்கு வந்து, வரத்து மிகுந்ததுபோலக் காட்டி விலையைத் தாழ்த்துகிறது என்பது விவசாயிகளின் நெடுநாளைய முறைப்பாடு. யந்திரம் தன்னிடம் வந்த காயை எண்ணுமேயன்றி, அது முன்னும் ஒருமுறை வந்த காயா என்று கேளாது.

கண்ணுக்கும் திரைக்கும் தோன்றாத குறை இன்னொன்று உண்டு. பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருக்கிறதென்று 2018-ஆம் ஆண்டில் சவூதி அரேபியா நம் நாட்டு ஏலக்காயை ஏற்க மறுத்தது. காய் பச்சையாயும் பருமனாயும் மணமாயும் இருக்கலாம். எச்சமோ ஆய்வுக்கூடத்துக் கருவிக்கு மட்டுமே புலப்படும். அவ்வுண்மையும் எடையைப்போல லாட்டின் பக்கத்தில் திரையில் எழுதப்படுமானால், மருந்தைக் குறைத்து விளைவித்தவர் அதற்குரிய விலை பெறுவார். மேலே சொன்ன அறிஞர் முடிவு இதற்கும் பொருந்துவதே. இரசாயனம் படிக்கும் நம் மாணவர் செய்யத்தக்க தொண்டு இங்கே காத்திருக்கிறது என்போம்.

மறுநாள் போடியிலுள்ள கிடங்கொன்றில் வண்ணம் பிரிக்கும் யந்திரத்தைக் கண்டோம். மேலிருந்து அருவிபோல் விழும் காய்களை ஒளிப்படக்கருவி பார்க்கிறது. வெளுத்த காய் ஒன்று கண்ணிற் பட்டால், இமைப்பொழுதில் காற்று ஒரு வீச்சாக வந்து அதனை மட்டும் தள்ளிவிடுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. ஆனால் அடுத்த கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து முறத்திற் காயைப் பரப்பி அதே வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தனர். அவர்கள் அந்த யந்திரத்தை எந்த நோக்கத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை நாம் எழுத வேண்டுவதில்லை.

திரும்புமுன் மாலையில் போடிமெட்டில் தேநீர்க்கடையருகே நின்றிருந்தோம். தோட்டத்திலிருந்து இறங்கும் ஜீப் ஒன்று அங்கே சற்று நின்றது. நாம் கைப்பேசியில் அன்றைய ஏலவிலையைப் பார்த்து நம்மோடு வந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்ட ஓர் அம்மாள், “காய் விலை போனிலே வருது சார், எங்க கூலி எந்தப் போனிலே வரும்?” என்று கேட்டார். ஜீப்பிலிருந்தவர் எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம், ஆனால் விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது.

பதினேழு வளைவுகளையும் இறங்கும் வரையில் அக்கேள்வி நம்மோடு வந்தது. காயின் விலை ஏலத்தில் ஏறுவது. கூலி பேச்சுவார்த்தையால் ஏறுவது. காயின் விலை எல்லார்க்கும் தெரிந்தபோது விவசாயியின் சொல்லுக்கு வியாபாரியின் முன் வலிமை வந்தது. அதுபோலவே, எந்தத் தோட்டத்தில் என்ன கூலி, அரசாங்கம் விதித்த குறைந்த கூலி யாது, மிகைநேர வேலைக்கு என்ன உண்டு என்பவற்றை அந்த அம்மாள் தம் கையிலுள்ள சிறு கைப்பேசியில் எளிய தமிழிற் கேட்டறியக்கூடுமானால், அவர் சொல்லுக்கும் வலிமை வாராதோ? அதற்குப் பெரிய யந்திரம் வேண்டுவதில்லை. கணினி பயிலும் மாணவர் நால்வர் ஒரு விடுமுறையில் செய்யத்தக்க மென்பொருளே அது. இதுவரை செய்யாதிருப்பதற்குக் காரணம், அதைக் கேட்டவர் குரல் இரைச்சலில் நமக்குக் கேளாமற் போனமையே போலும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, இனிப் புதுக்கருவி ஒன்று கைக்கு வரும்போது அதன் வேகத்தையும் விலையையும் ஆராய்வதோடு இம்மூன்றையும் ஆராயுங்கள். முன்பு ஒருசிலர் மட்டும் அறிந்திருந்த எதனை இது பலர்க்கு அறிவிக்கிறது? இது காணாத உண்மை எது? இதனால் பயனடையாமல் வெளியே நிற்பவர் யார்? போடிக் கூடத்து மின்னேலம் முதற்கேள்விக்கு நல்ல விடை தருகிறது. மற்றிரண்டுக்கும் விடை காணும் வேலை இன்னும் மீதியிருக்கிறது. போடிப் பக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுள் ஒருவராவது அந்த அம்மாளின் கேள்விக்கு விடையோடு மலையேறுவார் என்று எதிர்பார்க்கிறோம்.